மாடுலர் கிச்சன்: ஒரு சரித்திரப் புலம்பல்

குர்காவுக்கு வந்து பதினாறு வருடம் ஆகிறது (2016-ல் குருகிராம் என்று பெயர் மாற்றினார்கள், என் கைக்கு இன்னும் அது பழகவில்லை). இந்தப் பதினாறு வருடத்தில் ஒரே வீட்டுக்கு இரண்டு முறை மாடுலர் கிச்சன் போட்ட பெருமை எனக்கு உண்டு. ஏன் இரண்டு முறை என்பதுதான் இந்தப் பதிவு. வெளியூரில் ஃபிளாட் வாங்கி, சாவி கைக்கு வந்ததும் முதல் வேலையாக அடுக்களையில் கை வைக்கிற நம்ம ஜனங்கள் யாருக்காவது உபயோகப்படலாம். சரித்திரம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பொட்டி தட்டுகிறவனுக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்டால், ஆபீஸில் பிடுங்கிய ஆணி போதாமல் வீட்டிலும் ஆணி பிடுங்க வேண்டி வந்துவிட்டது, அவ்வளவுதான்.

முதல் கிச்சன் போட்டது 2017-ல். ஏசி ஷோரூம், காப்பி, கம்ப்யூட்டரில் நம் அடுக்களையையே முப்பரிமாணத்தில் சுற்றிச் சுற்றிக் காட்டினார்கள். நாலே முக்கால் லட்சம். வேலை முடிந்த அன்று கடைசித் தவணைக்காகச் சிரித்த முகத்தோடு ஒருவர் வந்து நின்றார். நானும் ரொம்ப விவரமானவன் மாதிரி மூன்று விஷயங்களைச் சோதித்தேன். உள்ளே ப்ளைவுட் நல்ல சிவப்பாக இருக்கிறதா? இருந்தது. கதவைத் தள்ளிவிட்டால் சத்தமில்லாமல் தானே மூடிக்கொள்கிறதா? மூடிக்கொண்டது. ஷட்டரில் பளபளப்பு இருக்கிறதா? என் முகமே தெரிந்தது. செக்கைக் கிழித்துக் கொடுத்தேன்.

இரண்டு வருடம் கழித்து, 2019 ஆகஸ்டில் ஒரு விடிகாலை. அப்பா போன பிறகு அம்மா எங்களோடு வந்துவிட்டிருந்தாள். ஐந்தரை மணிக்கு டிகாக்ஷன் இறக்கிவிட்டு, பால் எடுக்க ஃபிரிட்ஜ் பக்கம் திரும்பியிருக்கிறாள். பின்னால் கிரீச்சென்று ஒரு சத்தம். அடுப்புக்கு இடது பக்கம் மேலே இருந்த கேபினெட் சுவரைவிட்டுப் பிய்ந்து, ஒரு பக்கம் சரிந்து, சிம்னியில் போய் முட்டிக்கொண்டு நின்றது. உள்ளே இருந்த எவர்சில்வர் சம்படம், தூக்குவாளி, பித்தளை அடுக்கு எல்லாம் மேடையில் கொட்டின. அம்மா அரை நிமிடம் முன்னால் நின்ற அதே இடம். நான் ஓடி வந்து பார்க்கும்போது பால் பாக்கெட்டைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். "ஏல, ஊர்ல கடப்பாக் கல்லு அலமாரி முப்பது வருசம் நின்னுச்சு, அதுக்கு என்ன கேடு வந்துச்சு?" என்றாள். அதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை. தங்கமணி என்னைப் பார்த்த பார்வையைப் பற்றித் தனிப்பதிவுதான் போட வேண்டும்.

கம்பெனிக்குப் போன் செய்தால், வாரண்டி ஒரு வருடம்தான் சார் என்றார்கள். அக்கம்பக்கத்தில் விசாரித்து ஒரு மிஸ்திரியைப் பிடித்தோம். பீகார்க்காரர், இருபத்தைந்து வருடமாக மரவேலை. அவர் ஒவ்வொன்றாகக் கழற்றிக் கீழே வைக்க வைக்க, நான் செய்த மூன்று சோதனைகளும் ஒவ்வொன்றாகச் செத்து விழுந்தன. மூன்றுமே ஏதோ ஒரு காலத்தில் சரியாக இருந்த சோதனைகள், அதுதான் வேடிக்கை. பொருள் மாறிவிட்டது, சோதனையை மட்டும் நாம் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறோம். இங்கேதான் எனக்குச் சரித்திரப் பைத்தியம் பிடித்தது.

கதவிலிருந்து ஆரம்பிக்கிறேன். கொஞ்சம் கொசுவர்த்தி சுற்றிக்கொள்ளுங்கள். அம்பாசமுத்திரத்தில் எங்கள் தாத்தா, ஆசாரி மாட்டிய கதவை எப்படிப் பார்ப்பார் தெரியுமா? பாதி திறந்து கையை எடுத்துவிடுவார். கதவு நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். தானாகத் திறந்தாலோ மூடினாலோ நிலை தூக்குக்குண்டுக்கு நேராக இல்லை என்று அர்த்தம். "கழத்து" என்று ஒரே வார்த்தைதான் சொல்வார். ஆசாரியும் முணுமுணுத்துக்கொண்டே கழற்றுவார். சாதாரணக் கீலில் கதவின் பாரம் பொய் சொல்லாது.

இப்போது கேபினெட்டில் இருப்பது ஒளிகீல். மூடினால் வெளியே தெரியாது. கதவின் உள்பக்கம் 35 மில்லிமீட்டரில் ஒரு வட்டக் குழி எடுத்து அதில் பதிக்கிறார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஐரோப்பாவில் வளர்ந்த சங்கதி இது. இன்று இந்தக் கீலுக்குப் பேர் போன ஆஸ்திரியாவின் புளூம் கம்பெனி 1952-ல் தொடங்கியபோது செய்த முதல் பொருள், குதிரை லாடத்தில் வழுக்காமலிருக்க அடிக்கும் குமிழ். அங்கிருந்து அடுக்களைக்கு வந்துவிட்டார்கள். இந்தக் கீலுக்குள் ஸ்பிரிங் இருக்கிறது. கேபினெட்டே கோணலாக நின்றாலும் ஸ்பிரிங் கதவை இழுத்துச் சாந்தமாக மூடிவிடும். தாத்தாவின் சோதனை இதனிடம் செல்லாது. நான் மெய்மறந்து பார்த்த அந்த 'சத்தமில்லாமல் மூடுதல்', கீல் நல்ல கீல் என்று மட்டும்தான் சொன்னது. பெட்டி எப்படி நிற்கிறது என்று அது சொல்லவே இல்லை.

சரி, பெட்டி நேராக இருக்கிறதா என்று எப்படித்தான் பார்ப்பது? மிஸ்திரி காட்டியது ரொம்ப எளிது. கதவைத் திறந்து வைத்துவிட்டு, பெட்டியின் வாயில் குறுக்கே இரண்டு மூலைவிட்டங்களையும் டேப்பால் அளக்க வேண்டும். இரண்டும் சமமாக இருந்தால் பெட்டி சதுரம் பிசகவில்லை. என்னுடையதில் ஒரு பெட்டிக்கு ஒன்பது மில்லிமீட்டர் வித்தியாசம். அப்புறம் கதவுகளுக்கு நடுவே உள்ள இடைவெளி. இரண்டு மூன்று மில்லிமீட்டர் இருக்கலாம், ஆனால் மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இருக்க வேண்டும். மேலே நூல் நுழைந்து கீழே பென்சில் நுழைந்தால், கீலில் இருக்கும் திருகைத் திருப்பிச் சரி செய்யப் பார்ப்பார்கள். அது தலைவலிக்குத் தைலம். பெட்டி கோணல் என்றால் நாலு மாதத்தில் மறுபடி பல்லிளிக்கும். மேடைக்குக் கல் ஏற்றுவதற்கு முன்பே ரசமட்டம் வைத்துப் பார்த்துவிடுங்கள். கல் ஏறிய பிறகு கடவுளே வந்தாலும் சரி செய்ய முடியாது.

இங்கே ஒரு கேள்வி வருகிறது. பெட்டி பெட்டியாகச் செய்து அடுக்களையில் வரிசையாக நிறுத்தும் யோசனை யாருடையது? அம்பாசமுத்திரத்து ஆச்சிக்கு இப்படி ஒன்று தேவைப்படவே இல்லை. விறகடுப்பு தரையில், அரிவாள்மணை தரையில், அம்மி தரையில், ஆச்சியும் தரையில். உட்கார்ந்த இடத்திலிருந்து கைக்கு எட்டும் தூரத்தில் அஞ்சறைப்பெட்டி. பூனைக்கு எட்டாமல் உறி. மற்றதெல்லாம் பரணில். மண்ணெண்ணெய் ஸ்டவ்வும் பிறகு கேஸும் வந்தபோதுதான் நம் பெண்கள் எழுந்து நின்றார்கள். இந்தியன் ஆயிலின் இண்டேன் சிலிண்டர் வெளிவந்தது 1965-ல், கல்கத்தாவில். எங்கள் வீட்டுக்கு எண்பதுகளில். கொத்தனார் வந்து மேடை கட்டி, கீழே மேலே கடப்பாக் கல்லைப் பலகையாகப் பதித்துக் கொடுத்துவிட்டுப் போனார். அது ஊறாது, கரையான் அரிக்காது, மூலையில் இடித்துக்கொண்டால் நமக்குத்தான் ரத்தம் வரும்.

வெளிநாட்டில் இந்த எழுந்து நிற்றல் முன்னாலேயே நடந்துவிட்டது. அமெரிக்காவில் கேதரின் பீச்சர் 1869-லேயே, கப்பல் சமையலறை மாதிரி எல்லாவற்றையும் கையெட்டும் தூரத்தில் வையுங்கள் என்று படம் போட்டு எழுதிவிட்டார். 1910களில் கிறிஸ்டின் ஃபிரெடெரிக், தொழிற்சாலையில் ஆட்களின் அசைவை எண்ணுவது போல அடுக்களையில் பெண்ணின் நடையை எண்ணினார். அவருடைய புத்தகம் ஜெர்மன் மொழிக்குப் போனது. அதைப் படித்தவர்களில் ஒருவர் மார்கரெட்டே லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியப் பெண், கட்டடக்கலை படித்தவர்.

முதல் உலகப் போர் முடிந்து ஜெர்மனியில் வீட்டுப் பஞ்சம். ஃபிராங்ஃபர்ட் நகராட்சி எர்ன்ஸ்ட் மே என்பவர் தலைமையில் ஆயிரக்கணக்கில் சின்னச் சின்ன வீடுகள் கட்டியது. அந்த வீடுகளுக்கு 1926-ல் லிஹோட்ஸ்கி ஓர் அடுக்களை வரைந்து கொடுத்தார். சுமார் 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர். ரயிலில் உணவுப்பெட்டியின் சமையலறையை மாதிரியாக வைத்துக்கொண்டார். கையில் ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு அளந்தார். சுவரோடு சுவராகக் கட்டிய அலமாரிகள், அரிசி பருப்புக்கு மூக்கு வைத்த அலுமினிய டப்பாக்கள், மாவில் புழு வைக்காமலிருக்க ஓக் மர டிராயர், ஈ மொய்க்காது என்று நீலப் பச்சை வண்ணம். இப்படிச் சுமார் பத்தாயிரம் அடுக்களைகள் போட்டார்கள். இன்று நாம் ஷோரூமில் பார்க்கும் அத்தனை மாடுலர் கிச்சன்களுக்கும் பாட்டி இதுதான்.

இந்தப் பாட்டியிடம் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று. இதை வரைந்தபோது தனக்குச் சமையலே தெரியாது, வீடு நடத்திய அனுபவமும் கிடையாது என்று லிஹோட்ஸ்கியே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். எப்பேர்ப்பட்ட மனுஷி! நாஜிகளை எதிர்த்து வேலை செய்து 1941-ல் கெஸ்டபோவிடம் மாட்டி, 1945 வரை சிறையில் இருந்தவர். 2000 ஜனவரியில், நூற்று மூன்றாவது பிறந்தநாளுக்குச் சில நாட்கள் முன்னால் இறந்தார். கடைசிவரை எல்லாரும் அந்த அடுக்களையைப் பற்றியே கேட்டதில் அவருக்குக் கோபம். இப்படிப் பேசுவார்கள் என்று தெரிந்திருந்தால் அதைக் கட்டியிருக்கவே மாட்டேன் என்ற அளவுக்கு.

ஃபிராங்ஃபர்ட் அடுக்களைக்கு உடனே வந்த குறை, அதில் ஒரு ஆள்தான் நிற்க முடியும் என்பது. நம் வீட்டு அடுக்களையில் ஒரு ஆள் மட்டும் நின்றதாக வரலாறு உண்டா? அம்மா இட்லித் தட்டோடு திரும்ப, தங்கமணி மிக்ஸி ஜாரோடு திரும்ப, நடுவில் நான் தண்ணீர் குடிக்கப் போக... சரி, விடுங்கள். ஆனால் அந்த அம்மாள் ஓர் ஆளுக்காவது அளந்தார். என் முதல் கிச்சனில் மேடை உயரம் முப்பத்தைந்து அங்குலம். யாரை அளந்து வைத்தீர்கள் என்று பிறகு கேட்டேன். 'ஸ்டாண்டர்டு சைஸ்' என்று பதில். என் அம்மாவின் உயரம் நாலடி பத்தங்குலம். இரண்டு வருடமாகத் தோளைத் தூக்கிக்கொண்டே காய் நறுக்கியிருக்கிறாள். தோள்வலிக்கு நாங்கள் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தோம்.

ஷட்டரின் பளபளப்புக்கு வருவோம். நாம் சன்மைக்கா என்று சொல்வது ஒரு கம்பெனியின் பெயர், பொருளின் பெயர் லேமினேட். 1913-ல் அமெரிக்காவில் சின்சினாட்டியில் இரண்டு எஞ்சினியர்கள், மின்சாதனங்களில் மைக்காவுக்குப் பதிலாக வைக்க, ரெசினில் ஊறிய அடுக்குகளை அழுத்திச் செய்தார்கள். மைக்காவுக்கு மாற்று என்பதால் அதற்கு ஃபார்மைக்கா என்று பெயர். கரண்டுக்கு வந்தது பிறகு கிச்சனுக்கு வந்து, வண்ணமும் மரக்கோடும் பூசிக்கொண்டது. நல்ல பொருள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அது ஒரு மில்லிமீட்டர் சட்டை. சட்டைக்குள்ளே யார் என்பதுதான் கேள்வி. என் சிங்க்குக்குக் கீழே இருந்தது மரத்தூள் பலகை. 1930களில் ஜெர்மனியில் மேக்ஸ் ஹிம்மல்ஹேபர் என்பவர், அறுத்தது போக மீந்த மரத்துண்டுகளை வீணாக்காமல் பசையோடு அழுத்திப் பலகை செய்யும் வழி கண்டுபிடித்தார். மரப் பஞ்சத்துக்கு அருமையான யோசனை. காய்ந்த துணியால் துடைக்கும் ஜெர்மன் அடுக்களையில் அது நன்றாகவே உழைக்கும். வாளி தண்ணீர் ஊற்றி மேடையைக் கழுவுகிற அம்பாசமுத்திரத்துக் கைக்கு அது தாங்குமா? ஓரம் வழியாக ஈரம் ஏறி, பொரித்த அப்பளம் மாதிரி உப்பிவிட்டது.

அதனால் இப்போதெல்லாம் எந்த நண்பர் கிச்சனைக் காட்டக் கூப்பிட்டாலும் நான் முன்பக்கம் பார்ப்பதே இல்லை. போனில் டார்ச்சைப் போட்டுக்கொண்டு தரையில் படுத்துவிடுகிறேன். கீழ்ப்பலகையின் அடிப்பக்கம், பின்பலகையின் ஓரம், சிங்க் குழாய்க்காக வெட்டிய ஓட்டை. கண்ணுக்குத் தெரியாத இந்த ஓரங்களுக்கு எட்ஜ் பேண்டிங்கோ பூச்சோ போட்டு அடைத்திருக்கிறார்களா, இல்லை பச்சையாக விட்டிருக்கிறார்களா என்று பார்த்தால் செய்தவரின் ஜாதகமே தெரிந்துவிடும். என்னுடைய ஓட்டையை யாரோ உளியால் கொத்திக் கடித்து வைத்திருந்தார்கள்.

மற்ற பெட்டிகள் ப்ளைவுட்தான். சிவப்பு ப்ளைவுட். இனிமேல்தான் பெரிய கதை.

நம் நாட்டில் ப்ளைவுட் தொழில் வளர்ந்தது அலமாரிக்காக அல்ல, தேயிலைப் பெட்டிக்காக. வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த பெட்டிப் பலகையை முதல் உலகப் போர்க் காலத்தை ஒட்டி அசாமிலேயே செய்யத் தொடங்கினார்கள். மரத்தைப் பென்சில் சீவுகிற மாதிரி சுற்றிச் சீவி, அந்தத் தாள்களை ஒன்றுக்கொன்று குறுக்காக அடுக்கி ஒட்டுவதுதான் ப்ளைவுட். மேல் அசாமின் ஹோலாங் மரம் அதற்கு வாகானது. தின்சுகியா பக்கமெல்லாம் மில்கள். நாடு முழுக்க நல்ல ப்ளைவுட் என்றால் அந்தப் பக்கத்துச் சரக்கு என்றிருந்தது. முகத்துக்குப் போட அந்தமானிலிருந்தும் பர்மாவிலிருந்தும் கர்ஜன் மரம் வரும். ஹோலாங்கும் கர்ஜனும் ஒரே இனம். கர்ஜனுக்கு இயல்பாகவே செம்மை கலந்த நிறம், நல்ல கெட்டி. 'சிவப்பாக இருந்தால் நல்ல ப்ளை' என்ற நம் நம்பிக்கை இப்படி வந்ததுதான்.

இப்போது காட்சி நம் நீலகிரிக்கு மாறுகிறது. கூடலூர்ப் பக்கத்து ஜன்ம நிலக் காடுகள் அழிவதைப் பொறுக்காமல், நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு 1995-ல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். அந்தக் காடுகள் ஒரு காலத்தில் அவர்கள் குடும்பத்துடையவை. ஒரு தாலுகா காட்டுக்காகப் போட்ட வழக்கு, நாடு முழுவதற்குமான வன வழக்காகிவிட்டது. 1996 டிசம்பர் 12-ல் வந்த இடைக்கால உத்தரவில், அருணாசலப் பிரதேசத்தின் திராப், சாங்லாங் மாவட்டங்களிலும் அங்கிருந்து அசாமுக்குள் நூறு கிலோமீட்டர் வரையிலும் உள்ள மர அறுவை மில், ப்ளைவுட் மில் அத்தனையையும் உடனே மூடச் சொன்னார்கள். வடகிழக்கிலிருந்து மரம் ரயிலிலோ லாரியிலோ வெளியே போவதும் தடுக்கப்பட்டது. கூடலூரில் ஒருவர் கேட்ட கேள்விக்குத் தின்சுகியாவில் ஆலைச் சங்கு நின்றது.

ஆலை நின்றாலும் நம் ஆசை நின்றதா என்ன? தொழில் இடம் மாறியது. ஹரியானாவில் யமுனாநகர், கேரளாவில் பெரும்பாவூர். பெரும்பாவூரில் ரப்பர் மரம். அங்கே மில்களில் வேலைக்கு நிற்பவர்களில் அசாம்காரர்களும் வங்காளிகளும் ஏராளம். மரம் இல்லாத ஊரிலிருந்து மரம் இருக்கிற ஊருக்கு மனிதர்கள் போய்விட்டார்கள், நாம் பொட்டியைத் தேடி வந்த மாதிரியே. யமுனாநகரில் பாப்லர். தீக்குச்சிக்காக விம்கோ கம்பெனி வடநாட்டு விவசாயிகளிடம் பரப்பிய மரம் அது. ஆறேழு வருடத்தில் வெட்டலாம். ஒரு முறை அம்மாவை ஹரித்வாருக்குக் கூட்டிப்போனபோது, வழியெல்லாம் கோதுமை வயலுக்கு நடுவே கோடு போட்ட மாதிரி பாப்லர் வரிசைகள். "நம்மூர்ச் சவுக்குத் தோப்பு மாதிரில்லா இருக்கு" என்றாள். அந்தத் தோப்பைத்தான் நாங்கள் அடுக்களையில் மாட்டியிருந்தோம் என்று அன்றைக்கு இருவருக்குமே தெரியாது.

பாப்லர் வெளுத்த மரம், லேசானது. அதைத் திட்டுவதற்கில்லை, வயலில் வளர்கிற மரம் காட்டை மிச்சப்படுத்துகிறது. நல்ல பசையும் சரியான அழுத்தமும் கொடுத்தால் அதுவும் உழைக்கும். சங்கடம் என்னவென்றால், மியான்மர் 2014 ஏப்ரலில் உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்திய பிறகு கர்ஜனுக்குத் தட்டுப்பாடு. வாடிக்கையாளருக்கோ சிவப்பு வேண்டும். எனவே வேறு மரத்துக்குச் சிவப்புச் சாயம். என் கிச்சனில் நனைந்த இடத்தைத் துடைத்த துணியில் மருதாணி மாதிரி நிறம் ஏறியது. சுப்ரீம் கோர்ட், பர்மா சர்க்கார் எல்லாம் மாறியும் என் மூளை மட்டும் 1990-லேயே நின்றிருந்தது.

நிறம் வேண்டாம், சரி. எதைப் பார்ப்பது? பலகையில் அச்சடித்த ஐ.எஸ்.ஐ. முத்திரையும் எண்ணும். பொதுப் பயன்பாட்டு ப்ளைவுட்டுக்கு ஐ.எஸ். 303. அதிலேயே ஈரப்பதம் மட்டும் தாங்குவது ஒரு ரகம், கொதிநீர் தாங்குவது இன்னொரு ரகம். மரைன் ப்ளைவுட்டுக்கு ஐ.எஸ். 710. மரைன் ரகத்தின் பசையைச் சோதிக்க 72 மணி நேரம் கொதிநீரில் போடுவார்கள். முத்திரையையும் அச்சடித்துவிடுவார்களே என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. அதற்கும் வழி உண்டு. இரண்டாம் முறை மூன்று கடைகளில் வெட்டு மிச்சத் துண்டுகள் கேட்டு வாங்கி வந்தேன். ஒரு பழைய இட்லிப் பானையை எடுத்து, பால்கனியில் இண்டக்ஷன் அடுப்பு வைத்து, சனிக்கிழமை காலை முதல் இரவு வரை வேகவைத்தேன். மதியத்துக்குள் ஒன்று ஏடு ஏடாகப் பிரிந்து மிதந்தது. முத்திரை இருந்த துண்டுதான் அது. மற்ற இரண்டும் அப்படியே. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "வெந்துட்டா?" என்று மட்டும் கேட்டாள். (பசையில் இருப்பது ரசாயனம். அந்தப் பானையை மறுபடி சமையலுக்கு எடுக்காதீர்கள்.)

பழைய சோதனைகளில் இன்றும் செல்லுபடியாவது ஒன்று உண்டு. எங்கள் ஊர் ஆசாரி மரத்தை விரல் முட்டியால் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். ப்ளைவுட்டையும் அப்படித் தட்டலாம். நடு அடுக்கில் இடைவெளி விட்டு ஒட்டியிருந்தால் அந்த இடம் மட்டும் 'டொப்' என்று வெறுமையாகக் கேட்கும். அங்கே திருகு பிடிக்காது.

கடைசியாக, சுவர். அம்மாவின் தலைக்கு மேலே இருந்ததைக் கீழே கொண்டுவந்தது இதுதான். மிஸ்திரி அந்தக் கேபினெட்டைத் தாங்கிய திருகுகளை என் உள்ளங்கையில் வைத்தார். நாலே நாலு, பிளாஸ்டிக் பிளக்கோடு, வெள்ளைப் பொடி ஒட்டிக்கொண்டு. எங்கள் அடுக்குமாடியில் உள்சுவர் செங்கல் இல்லை, ஏ.ஏ.சி. பிளாக். 1920களில் ஸ்வீடனில் ஆக்ஸல் எரிக்ஸன் உருவாக்கியது. சிமெண்ட், சுண்ணாம்பு எல்லாம் கலந்த மாவில் அலுமினியப் பொடி போட்டுப் பொங்க வைத்து, நீராவி அழுத்தத்தில் வேகவைப்பார்கள். சுருக்கமாகச் சொன்னால் சிமெண்ட் இட்லி. உயரமான கட்டடத்துக்குப் பாரம் குறையும், வெயிலும் உள்ளே வராது, எல்லாம் சரி. ஆனால் இட்லியில் சாதாரண ஆணி நிற்குமா? பாரமானதை மாட்ட அந்தச் சுவருக்கென்றே உள்ள ஆங்கர் வேண்டும், அல்லது சுவரைத் துளைத்து மறுபக்கம் தகடு வைத்து போல்ட் போட வேண்டும். செங்கல் சுவர் காலத்துப் பழக்கத்தில் நாலு பிளக் அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர்களிடம் கேட்க எனக்கும் தோன்றவில்லை. சுவர் எதனால் ஆனது என்று தெரியாமலேயே அதற்குள் குடியிருந்தேன்.

இரண்டாவது கிச்சன் 2020 தொடக்கத்தில் முடிந்தது. மிஸ்திரியே செய்தார், முதலில் கொடுத்ததில் பாதிப் பணம்கூட ஆகவில்லை. சிங்க்குக்குக் கீழே மரமே கிடையாது, கடப்பாக் கல் (அம்மா கட்சி ஜெயித்தது). மேல் கேபினெட்டுகளுக்கு முழு நீளத்துக்கு இரும்புப் பட்டை, சுவரின் மறுபக்கம் ஹாலில் நாலு போல்ட் தலை. ஹாலின் அழகு போச்சு என்று தங்கமணி அதன்மேல் தஞ்சாவூர் படம் மாட்டிவிட்டாள். பளபளப்பு கிடையாது, வெளிர் சாம்பல் நிறம்.

மேடை உயரத்துக்கு மட்டும் அரை நாள் பிடித்தது. மிஸ்திரிக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்கு இந்தி தெரியாது. "மாதாஜி" என்று கூப்பிட்டுச் சுவரோரம் நிற்கச் சொல்லி, முழங்கையை மடக்கச் சொல்லி, தரையிலிருந்து டேப் வைத்தார். முழங்கையிலிருந்து ஐந்து அங்குலம் இறக்கிப் பென்சிலால் கோடு. அடுத்துத் தங்கமணிக்கு ஒரு கோடு. இரண்டுக்கும் நடுவே மூன்றரை அங்குலம். கடைசியில் மேடையையே இரண்டாகப் பிரித்தோம். ஜன்னல் பக்கம் தாழ்வாக நாலடி அம்மாவுக்கு, அடுப்புப் பக்கம் உயரமாக மற்றவர்களுக்கு. படத்தில் பார்க்க நன்றாக இருக்காது என்று ஒரு டிசைனர் நண்பன் சொன்னான். நன்றாக இல்லைதான்.

கடைசித் தவணையை உடனே கொடுக்கவில்லை. மேல் கேபினெட் ஒவ்வொன்றிலும் இருபத்தைந்து கிலோ பொன்னி அரிசி மூட்டை ஒன்றை ஏற்றி, ஒரு வாரம் வைத்திருந்து, ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன். மிஸ்திரி கோபித்துக்கொள்ளவில்லை. பத்து நாள் வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

அது முடிந்து வருடங்கள் ஓடிவிட்டன. ஒரு மூலைவிட்டம்கூட அசையவில்லை, ஆறு மாதத்துக்கு ஒரு முறை அளந்துகொண்டுதான் இருக்கிறேன். அம்மாவுக்குத் தோள்வலி குறைந்துவிட்டது. ஆனால் மேல் கேபினெட்டுக்கு நேர் கீழே மட்டும் அவள் இன்னும் நிற்பதில்லை. ஒரு அடி தள்ளி நின்று, கையை நீட்டித்தான் காப்பிப் பொடி டப்பாவை எடுக்கிறாள்.